நவம் பூட்டாத கியர்பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது என் இரண்டு கையிலும் கிறீஸ். இரண்டு முறை அடிக்கவிட்டேன். மூன்றாம் முறை எடுத்தேன். நவத்தின் மகள். "மாமா, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றாள். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

நவரத்தினத்தை உங்களில் பலருக்கு நவம் அண்ணையாகத் தெரியும். எனக்கு அவன் மச்சான். கிளிநொச்சியில் உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் திருத்தும் கராஜை இருவருமாகப் பதினெட்டு வருடம் நடத்தினோம். எந்தக் கியர்பெட்டியையும் மூடுவதற்கு முன் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பற்களில் பூசுவான். பற்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பூசிய சிவப்பு, பல்லின் நடுவில் அழிந்திருக்கிறதா என்று பார்ப்பான்; நடுவில் அழிந்தால் பொருத்தம் சரி. வற்றாப்பளை அம்மன் கோயில் குங்குமத்தையே எடுத்து வந்துவிட்டான் என்று அவன் மனைவி ஏசிய கதை ஊரறிந்தது. "அம்மாளாச்சி கோவிக்கமாட்டா. வயலுக்க மிசின் நிண்டாத்தான் கோவிப்பா" என்பான்.

பழுதைப் பிரித்தறிய அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. "ஒரு சுத்துக்கு ஒருக்கா தட்டினா, சக்கரம் செய்தவன்ர பிழை. எல்லாப் பல்லும் ஒரே ஓரத்தில தேஞ்சா, பூட்டினவன்ர பிழை."

ஒரு காலபோக நெல் அறுவடையில் மழை இருட்டிக்கொண்டு நின்றது. நவம் கராஜின் பின்பக்கம் இன்னொரு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வயல் செய்யும் கமக்காரர் ஒருவரின் அறுவடை இயந்திரத்துக் கியர்பெட்டிக்கு நான் புதுப் பற்சக்கரம் போட்டேன். வாசலில் நின்ற சாரதி அவசரப்படுத்த, குங்குமம் பூசிப் பார்க்காமல், இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு ஒன்றையும் விட்டுவிட்டுப் பூட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் அது வயலிலேயே நின்றுவிட்டது. மழை கொட்டியது. விளைந்த நெல் தண்ணீருக்குள் சாய்ந்து முளைத்தது.

"சாமான் பிழை" என்று சாரதியிடம் சாதித்தேன். நவம் பெட்டியைக் கழற்றிச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். எல்லாப் பல்லும் ஒரே ஓரத்தில் தேய்ந்திருந்தன. சைக்கிளை எடுத்துக்கொண்டு கமக்காரர் வீட்டுக்குப் போனான். பூட்டியதில்தான் பிழை என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்து, ஒரு போகம் முழுக்க அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு அந்தக் கமக்காரரும் வந்திருந்தார். "நல்ல மனுசன், தம்பி. ஒருக்காத்தான் கை பிழைச்சது. 'நான்தான் பூட்டினனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ' எண்டு என்ர வீட்டு முத்தத்தில வந்து நிண்டு சொன்னவர்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அவர்களோடு பிரேதத்துக்குப் பின்னால் நடந்தேன்.

அவனை அறிந்தவர்களே, நவத்தின் கை பிழைக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பூட்டியது நான். அவன் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்தப் பிழையை இன்று நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அன்றே கமக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் உயிரோடு இருக்கும்போதே வாங்கியிருக்கலாம்.