அடி என்ற சொல்லும் அவருடைய வலது காலும்

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் அகராதிக்கு வீட்டிலிருந்தே சொற்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கோடையில் எனக்கு வந்த சொல் ‘அடி’. பாதம், அடிப்பாகம், பாட்டின் வரி, அளக்கிற அடி எல்லாம் ஒரே வேர். ஓங்கி அடிக்கிற அடி வேறு வேர். பெண்ணைக் கூப்பிடும் ‘அடி’க்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எங்கள் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையை எதில் சேர்ப்பது? ‘ஆதி’தான் தேய்ந்து அடி ஆனது என்கிறார்கள் சிலர். மலையடியில் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று சாதிக்கிறார்கள் மற்றவர்கள். இரண்டையும் எழுதி வைத்தேன்.

அன்று பௌர்ணமி. திதி உச்சி வெயிலில் பிறந்தது. திதி பிறந்ததும் கிளம்பியாக வேண்டும் என் வீட்டுக்காரருக்கு. சர்க்கரையால் அவருக்குப் பாதம் மரத்துப் பல வருடம் ஆயிற்று. வெறுங்காலோடு வாசலைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார்.

“சாயங்காலமா போங்களேன். தார் ரோடு கொதிக்கும்.”

“அப்போ கூட்டம் ஜாஸ்தியாயிடும்டி. செருப்பு போட்டுக்கினுதான் போறேன்.”

போட்டுக்கொண்டுதான் போனார். பாதையின் முதல் லிங்கக் கோயில் வந்ததும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாராம். கிரிவலத்தில் செருப்போடு நடக்க இந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வராதே! கால் போனாலும் பரவாயில்லை.

இருட்டுவதற்குள் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடி அண்ணாமலையில் யாரோ மோர் கொடுத்தார்களாம். வீட்டுக்குள் அவர் நடந்த இடமெல்லாம் தரையில் ஈரம்.

“தண்ணிய எங்க மிதிச்சீங்க?”

“லாரில ரோட்டுக்குத் தண்ணி ஊத்தினாங்க, அதான் போல.”

தண்ணீர் இல்லை. இரண்டு பாதத்திலும் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது.

“அடக் கடவுளே, இது வலிக்கலையா உங்களுக்கு?”

அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

இடது கால் தேறிவிட்டது. வலது காலில் புண் கறுத்து மேலே ஏறியது. கணுக்காலுக்கு மேலே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காபி குடித்தேன், ருசி தெரியவில்லை. ‘அடி’ என்றால் பாதம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் பாக்கி இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அதை மட்டும் வாக்கியம் இல்லாமலே அனுப்பிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் நன்றாக மயக்கம் தெளிந்து, “அடியே” என்று கூப்பிட்டார். பக்கத்தில் போனேன்.

“காலு எரியுதுடி. வலது காலு.”

“ஏங்க, அதை எடுத்துட்டாங்க.”

“தெரியும்டி. ஆனா எரியுதே. தார் ரோட்டுல வச்ச மாதிரி எரியுதே.”

அத்தனை வருடம் எதுவுமே உணராத கால் அது. நர்ஸ் மருந்து கொண்டுவரப் போனார். நான் விசிறியை எடுத்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் விசிற ஆரம்பித்தேன்.

“இப்போ தேவலையா?”

“கொஞ்சம் கம்மியாயிருக்கு” என்றார்.