கரண்டைப் பிடுங்கச் சொன்னவர்

பிலோமினா மேடம் காலமான சேதி, போன செவ்வாய்க்கிழமை முற்பகலில் நன்னிலத்தில் இருக்கும் என் விதைக்கடைக்கு வந்தது. பேசியவர் அவருடைய தம்பி சவரிமுத்து. "அக்கா போயிட்டாங்கண்ணே. யார் யாருக்குச் சொல்லணும்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. உங்க பேரு..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. போன் அணைந்துவிட்டது. வெளியே மழை ஓய்ந்து, எதிர் வயல் முழுக்க வானம் கிடந்தது. நடவுப் பெண்கள் மேகத்தின் மேல் குனிந்து நிற்பதுபோல் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் பிறந்தவர். தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்துகொண்டு, எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுத்தவர். அதிர்ந்து பேசமாட்டார். நான் வயல்வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, சைக்கிளில் விதை மூட்டை கட்டி விற்று மேலே வந்தவன். எவரையும் லேசில் நம்பமாட்டேன். என்ன ரகம் வைத்திருக்கிறேன் என்று போட்டிக் கடைக்காரன் மோப்பம் பிடிக்கக் கூடாது என்பதற்காக, கிடங்கில் இருக்கும் மூட்டைகளில் நெல்லின் பெயரையே போடமாட்டேன். வெறும் எண் மட்டும்தான். எந்த எண் எந்த நெல் என்பது கணினிக்குள் இருந்தது. அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

ஓர் ஆவணி மாதம், சம்பா விதைக்கு ஆட்கள் வரத் தொடங்கிய வாரத்தில், அந்தச் சாமர்த்தியம் என்னைக் கவிழ்த்தது. வந்த மூட்டைகளைப் பதிந்துகொண்டிருந்தபோது மேடம் எழுதிக் கொடுத்த நிரல் அப்படியே உறைந்து நின்றது. கணினி திணறினால் கடையின் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றுவதுதான் என் வைத்தியம். இறக்கினேன், ஏற்றினேன். கணினி எழுந்தது. எண்ணுக்கு நேரே நெல்லின் பெயர் இருந்த கோப்பு திறக்கவில்லை.

மேடம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். நான் தைரியமாகத்தான் இருந்தேன். தினமும் அந்தக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்து, கடையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவந்தவன் நான். அதைப் போட்டுப் பார்த்தார். அதுவும் திறக்கவில்லை.

"நகல் எடுக்கறப்ப புரோகிராம மூடுவீங்களாண்ணே?"

"எதுக்கு மூடணும்? பில்லு போட்டுக்கிட்டே எடுத்துடுவேன்."

"அது எழுதிக்கிட்டு இருக்கறப்பவே நீங்க உருவினா, பாதி பழசு பாதி புதுசுதான் வரும். சாமி என்னண்ணே பண்ணும், பாவம்."

உடைந்த கோப்பை அவர் தொடவே இல்லை. அதற்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில்தான் கை வைத்தார். "அசலையும் கெடுத்துட்டா அப்புறம் நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல." சாயங்காலத்துக்குள் அநேகமாக எல்லா எண்களுக்கும் பெயர் திரும்பிவந்தது. ஏழு எண்களுக்கு மட்டும் வரவில்லை. சம்பாவுக்கான நீண்ட நாள் நெல்லா, குறுகிய கால நெல்லா, தெரியவில்லை.

நான் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். "சம்பாதான் மேடம். பொறந்ததுலேர்ந்து நெல்லத்தான் பாக்கறேன். போட்டுடுங்க."

"சத்தியமா?"

"ஏறக்குறைய."

"ஏறக்குறையன்னு இதுல நான் கட்டம் வைக்கலையேண்ணே."

குறுகிய கால நெல்லைச் சம்பாப் பட்டத்தில் விதைத்தால், அடைமழையில் கதிர் வரும். பூ கொட்டிப் பதராகும். அது என் கடையில் நடக்காது. வாங்கினவர் வயலில் நடக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் கேட்டேன், அதுதான் உண்மை. மேடம் ஏழு எண்களுக்கும் நேரே 'தெரியாது' என்று அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாத்தணும்னா நீங்களே மாத்திக்குங்க. என் கை வராது." விதைக்கான பூச்சிமருந்து இன்னும் கலக்காத நெல்தான் என்பதால், அந்த ஏழு எண் மூட்டைகளும் மறுநாள் அரிசி ஆலைக்குப் போயின. மாற்ற எனக்கும் கை வரவில்லை.

பத்து நாள் கழித்துப் புதிதாக எழுதிய நிரலோடு வந்தார். சோதனைக்காக, இல்லாத மூட்டைகளை அது தானாகவே பதிந்துகொண்டு ஓட, என் பக்கம் திரும்பி, "இப்ப கரண்டப் புடுங்குங்க" என்றார்.

"விளையாடாதீங்க மேடம்."

"உங்கள மாதிரி ஆளுதான் இதுக்கு வேணும். எப்பப் புடுங்குவீங்கன்னு எனக்கும் தெரியக் கூடாது, அதுக்கும் தெரியக் கூடாது."

அந்த மதியம் முழுக்க மெயினை இறக்கி இறக்கி ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் எல்லாச் சத்தமும் அடங்கும். தலைக்கு மேல் விசிறி மெல்ல மெல்லத் தளரும். அது நிற்கும்வரை மேடம் பேசமாட்டார். அண்ணாந்து பார்த்தபடி இருப்பார். மங்கிய கடையில், நெல் வாசனைக்குள், இருவரும் ஆற்றின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். பிறகு மின்சாரம் கொடுத்தால், கோப்பு முழுசாகத் திறக்கும்.

எப்படி என்று கேட்டேன். "என்ன மாத்தப் போறேன்னு மொதல்ல தனியா ஒரு குறிப்பு எழுதிடும். டிஸ்க்கு இருக்கே, கையில வாங்கி வச்சுக்கிட்டு, எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்லும். நெசமாவே எழுதினியான்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் அசலத் தொடணும். நடுவுல உசுரு போனா, திரும்ப எந்திரிச்சதும் குறிப்பப் படிக்கும். குறிப்பு முழுசா இருந்தா விட்ட வேலைய முடிக்கும். அரைகுறையா இருந்தா அத வீசிட்டுப் பழையபடியே நிக்கும். வேலை முடிஞ்சா குறிப்பு எதுக்கு? அழிச்சிடும்."

"சாவாம இருக்க வழி இல்லையா மேடம்?"

"அது எங்கையில இல்லண்ணே. பாதியில நிக்காம பாத்துக்கறதுதான் எங்கையில இருக்கு."

அதன் பிறகு மின்சாரம் எத்தனையோ தடவை போயிருக்கிறது. ஒரு மூட்டைகூட மாறவில்லை. இப்போது என் மூட்டைகளில் நெல்லின் பெயரும் இருக்கிறது. போட்டிக்காரன் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

போன பொங்கலுக்குப் பிறகு அவருக்கு நோய் தெரிந்தது. பார்க்கப் போயிருந்தேன். "மெயின இறக்கப் போறாங்கண்ணே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாகப்பட்டினத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, சவரிமுத்து ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடத்தின் கையெழுத்தில் வரிசையாகப் பெயர்களும் போன் எண்களும் இருந்தன. சொல்லி முடித்த பெயர்களுக்கு நேரே சவரிமுத்து டிக் அடித்திருந்தார். என் பெயருக்கு முந்தைய பெயரோடு அது நின்றிருந்தது.

"அதுக்கு மேல முடியலண்ணே. யாருக்குச் சொன்னேன், யாருக்குச் சொல்லலன்னே தெரியல."

"டிக் இருக்கே தம்பி. அது போதும். பேனாவக் குடுங்க."

என் பெயருக்கு நானே டிக் அடித்தேன். அடுத்து திருவிடைமருதூர்ப் பாத்திரக்கடை. போன் போட்டேன். பிறகு அதற்கடுத்த பெயர். கடைசிப் பெயர்வரை சொல்லி, டிக் அடித்து முடித்தேன். தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: 'எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னா இதக் கிழிச்சிடலாம்.'

"கிழிக்கட்டுமாண்ணே?" என்றார் சவரிமுத்து.

"கிழிச்சிடுங்க தம்பி."

சவப்பெட்டியைத் தூக்க வந்தார்கள். யாரோ சுவிட்சை அணைத்தார்கள். மேலே விசிறி மெல்லத் தளர்ந்தது. எல்லாரும் வாசலுக்கு நகர்ந்த பிறகும், அது முழுதாக நிற்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய் வாருங்கள் மேடம். எதுவும் பாதியில் நிற்கவில்லை.