பெட்டியில் அச்சான முகவரி

சிவகாசியில வெப்சைட் பராமரிக்கிறேன்னு சொன்னா, "அதுல பராமரிக்க என்ன இருக்கு, தூசியா படியுது?"ன்னுதான் கேக்காக. வெப்சைட் வச்சிருக்கிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும்: அந்த முகவரி நமக்குச் சொந்தமில்ல, வருச வாடகைக்குத்தான் இருக்கோம். முகவரி விக்கிற கம்பெனிக்காரன் நெனைச்சா வாடகையையும் ஏத்துவான், விதியையும் மாத்துவான்.

சீசன் முடிஞ்சாச்சு

ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசு கம்பெனி வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர். தீபாவளி முடிஞ்ச கையோட அவரோட வெப்சைட் முகவரிக்குக் கெடு முடிஞ்சிருச்சு. போன் போட்டேன். புதுப்பிக்கிற விலையையும் ஏத்திட்டான்னு சொன்னதும் மனுசனுக்கு வந்துச்சே கோவம்! எங்க பக்கம் தீபாவளியோட எல்லாத்துக்கும் லீவு. அவர் வெப்சைட்டுக்கும் லீவு விட்டுட்டார். "கடையைப் பூட்டினப்புறம் பந்தலுக்கு எவனாச்சும் வாடகை கொடுப்பானா தாயி? அடுத்த சீசனுக்குப் பாத்துக்கிடுவோம்."

குடோன்ல

மனசு கேக்கல, நேர்லயே போயிட்டேன். அடுத்த சீசனுக்கான காலிப் பெட்டிங்க அப்பவே பிரஸ்ஸிலருந்து வந்து கூரை முட்ட அடுக்கியிருந்துச்சு. சீசன் இல்லாதப்பதான் பிரஸ்காரக சல்லிசா அடிச்சுக் கொடுப்பாக. ஒவ்வொண்ணு மேலயும் அதே முகவரி. "நாம விட்டா வேற எவனும் எடுத்துக்கிடலாம் அண்ணாச்சி. அப்புறம் உங்க பெட்டியே அவன் கடைக்கு வழி சொல்லும்"னேன். அவர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். எனக்குப் பாவமாப் போச்சு. "வெடிக்காத சரக்குன்னா மாத்திக் கொடுத்துருவேன். பேரு போயிட்டா எங்கன போயித் தாயி வாங்குவேன்?"

யார் பேருல இருக்கு?

மீட்க இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்துச்சு. ஆனா புது விதி ஒண்ணு: முகவரியைப் பதிஞ்சவரே தன்னோட மெயில்லருந்து சம்மதம் சொல்லணுமாம். பதிஞ்சது யாருன்னு பாத்தா, பெட்டி டிசைன் பண்ணின செல்வம்! இங்கன அதுதான் வழக்கம். லேபிள் வரையிற ஆளே முகவரியையும் தன் பேர்ல வாங்கிக் கொடுத்துருவாரு. செல்வம் இப்ப திருப்பூர்ல. அண்ணாச்சி மேல ஏதோ வருத்தம்னும் கேள்வி. பயந்துக்கிட்டேதான் பேசினேன். பேசி முடிக்கிறதுக்குள்ள சம்மதம் வந்துருச்சு. அண்ணாச்சி பேருக்கே மாத்தி, விலை ஏறினாலும் நம்மளைத் தொடாதபடி பத்து வருசத்துக்குச் சேத்துக் கட்டினோம். அன்னைக்குப் போனை வைக்கும்போது செல்வம் சொன்னாரு: "அண்ணாச்சி மக கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடலைங்கிற கோவம் இருக்குக்கா. அதுக்காக நான் வரைஞ்ச பெட்டியை அனாதையா விட்டுருவேனா?"

ஆகவே சக பாவிகளே, முகவரி உங்க பேர்ல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, இல்லைன்னா டிசைனரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்துராதீக.