ஆறு கம்பெனி இரண்டான வருஷம்

என் அக்கா கணவருக்கு ஊர் வைத்த பெயர் மைக். வாரத்தில் ஆறு நாள் கார் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று, பிரேக் கட்டை, ஃபேன் பெல்ட் என்று எடுத்துக் கொடுப்பவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தயத் திடலின் இரும்புப் படிகளில் ஏறி, மேலே இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்வார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற நாளெல்லாம் சாப்பிடுகிறார் என்று அக்கா சொல்வாள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப் போகத் திட்டப் போகிறேன்.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பந்தய நாளில் நேரம் குறிப்பவள். ஒவ்வொரு காரும் கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தை அழுத்தி, நேரத்தைத் தாளில் எழுத வேண்டும். எனக்கு அத்தான் வைத்த பெயர் கடிகாரம். பதிலுக்கு நான் அவருக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

எங்கள் பந்தயத்தில் ஓடுபவை தெருவில் ஓடும் அதே கார்கள்தான். பின் சீட்டைக் கழற்றிப் போட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, கதவில் நம்பர் எழுதிவிட்டால் அது பந்தயக் கார். ஆறு கம்பெனிகளின் கார்கள் ஓடின. கம்பெனியின் பெயரை யாரும் சொல்வதில்லை. கூட்டம் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தது. தவளை, நெட்டை, பெட்டி, குண்டு, சப்பை, கிழவன். தன் வீட்டு வாசலில் குண்டு நிற்கிறவன், பந்தயத்தில் குண்டு முந்தினால் தானே ஓட்டியதுபோலத் துள்ளுவான். அத்தான் அதைத் தெரிந்துகொண்டு நன்றாகவே ஏற்றிவிடுவார். "குண்டு வருது, குண்டு வருது, நெட்டைக்காரங்க கொஞ்சம் ஒதுங்கிக்கங்க" என்பார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தும்.

அவருக்குக் கண் போய்விட்டது என்பதை நான் கண்டுபிடித்தது ஒரு பெயின்ட் வேலையால்தான். எங்கள் பல் டாக்டர் ஒரு சிவப்புத் தவளையை ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷத்தின் நடுவில் அதற்கு மஞ்சள் அடித்துக்கொண்டு வந்தார். அத்தான் வழக்கம்போல ஆரம்பித்தார்: "முதல்ல வர்றது டாக்டரோட சிவப்புத் தவளை." ஏதோ கிண்டல் செய்கிறார் என்று கூட்டம் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் ஓடுதளத்தின் பக்கமே இல்லை. தலையைச் சாய்த்து, திறந்திருந்த ஜன்னலுக்குக் காதைக் கொடுத்திருந்தார்.

பந்தயம் முடியும்வரை பொறுத்திருந்து, ஒரு தாளை நீட்டினேன். "அத்தான், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"வெளிச்சம் பத்தல."

"மத்தியானம் ரெண்டு மணி."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார். இரண்டு வருஷமாகவே பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்ததாம். ஓரத்தில் நிழல்போலத் தெரியும். நடக்கலாம், ஆள் வருவதை அறியலாம். முகம் தெரியாது, நம்பர் தெரியாது. மருந்து இல்லை என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். கடையில் சாமானைத் தொட்டே இன்னது என்று சொல்லிவிடுவார் என்பதால் அங்கே பிழைப்பு ஓடியது. பந்தயத்திலோ ஆறு கம்பெனிக்கும் ஆறு விதமான இன்ஜின் சத்தம். ஒரு கம்பெனிக்கு ஒரு கார், மிஞ்சிப்போனால் இரண்டு. எது யாருடையது என்பது மனப்பாடம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எனக்கே காது குத்தறீங்களா?"

"சொன்னா மைக்கை வாங்கிடுவாங்கம்மா" என்றார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மைக்கைத் தவிர அவர் தனக்கென்று எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து, கார்கள் கோட்டைத் தாண்டும்போது நம்பரை வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுத ஆரம்பித்தேன். கோட்டுக்கு முன்னால் வளைவில் நடப்பதை மட்டும் அவர் காதுதான் சொல்ல வேண்டும். அக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். எனக்குச் சொல்லாமல் இருந்ததற்காக அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

இந்த நிலையில்தான் பந்தயச் சங்கத்தின் செயலாளர் கூட்டம் போட்டார். நல்ல மனிதர். அவரும் ஒரு நெட்டையை ஓட்டுவார். எப்போதும் கடைசியாக வருவார். பந்தயத்தில் கார்கள் குறைந்து ஒன்பதாகிவிட்டன. தவளைக் கம்பெனியும் நெட்டைக் கம்பெனியும் சேர்ந்து உதவ முன்வந்திருக்கின்றன. எல்லோருக்கும் டயர் தருவார்கள், வேண்டுபவர்களுக்குப் பாதி விலையில் கார் தருவார்கள். ஒரே நிபந்தனை, அடுத்த வருஷம் முதல் வேறு எந்தக் கம்பெனியின் காரும் ஓடக் கூடாது.

"நம்ம பந்தயம் நடக்கணுமா, நிக்கணுமா? அவ்வளவுதான் கேள்வி" என்றார் செயலாளர்.

அத்தான் எழுந்தார். "ஜனங்க பந்தயம் பாக்கவா வராங்க? அவங்கவங்க வீட்டு வண்டி ஓடறதைப் பாக்க வராங்க. குண்டு வெச்சிருக்கவன் இனிமே எதுக்கு வரணும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். எல்லாக் காரும் இரண்டே சத்தத்தில் ஓடினால் அவர் கதை கந்தல்.

அவருக்குப் பின்னால் ரொட்டிக்கடையம்மா எழுந்தார். பந்தயத்தில் இருந்த ஒரே பெட்டி அவருடையது. ரொட்டி சுடும் அறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அவரும் அவர் கணவரும் சேர்ந்து, திருகாணி திருகாணியாகக் கட்டியது. பதினோரு வருஷமாக ஓட்டுகிறார். ஒருமுறை மூன்றாவதாக வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"என் வண்டி எந்த விதியை மீறிச்சு சார்?"

"எதையும் மீறலம்மா. அந்தக் கம்பெனிக்காரங்க நமக்கு டயர் தரல."

ரொட்டிக்கடையம்மா உட்கார்ந்துவிட்டார். ஓட்டத் தெரிந்தவரை, தப்பு செய்யாதவரை, கம்பெனி பெயரைச் சொல்லி வெளியே நிறுத்துவது என்ன நியாயம் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. எதிர்த்துத் தூக்கியவை நாலே கைகள். அதில் ஒன்று என்னுடையது.

வெளியே வரும்போது செயலாளர் அத்தானின் தோளில் தட்டினார். "உங்களுக்கு நல்லதுதான் சார். ஆறு பேரைச் சொல்றதுக்குப் பதிலா ரெண்டு பேரைச் சொன்னாப் போதும்." அத்தானும் சிரித்துவைத்தார்.

மறுநாள், மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார். அக்கா விடவில்லை. "வீட்டுல உக்காந்து நான் வீடு பெருக்கறதுக்கு வர்ணனை சொல்வீங்க. என்னால முடியாது. முதல்ல போய் அந்த வண்டிங்க சத்தத்தைக் கேளுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். புதுக் கார்கள் பயிற்சி ஓட்டம் ஓடும் நாளிலெல்லாம் அவளே அவரைக் கூட்டிப்போய், கடைசி வளைவின் வேலி ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்துவிட்டு, தன் பாட்டுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள்.

முதல் மூன்று நாளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் ஒரே தவளைச் சத்தம், ஒரே நெட்டைச் சத்தம் என்றார். நான்காம் நாள் எனக்குப் போன் வந்தது. "கடிகாரம், உடனே கிளம்பி வா."

போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு தவளை கடந்தது.

"இது டாக்டர். வளைவுல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலையே எடுக்க மாட்டார். பல்லைப் புடுங்கற மாதிரி ஒரே இழுப்பு."

பார்த்தேன். டாக்டர்தான். இன்னொரு தவளை வந்தது.

"இது ரொட்டிக்கடையம்மா. ரெண்டு தடவை காலை எடுப்பாங்க, கேளு. எடுத்து, வெச்சு, மறுபடி எடுத்து."

அவரேதான். பெட்டியைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, பாதி விலையில் ஒரு தவளையை வாங்கி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. அத்தான் என் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷம் நான் வண்டியைத்தான் கேட்டிருக்கேன்மா. ஓட்றவங்களைக் கேக்கவே இல்ல." எனக்கு உடம்பு சிலிர்த்தது. காட்டிக்கொள்ளாமல், கிளம்பலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

புது வருஷத்தின் முதல் பந்தயத்துக்குப் பதினாறு கார்கள் வந்திருந்தன. கூட்டம் குறையவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலையில், யார் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவு செய்யும் ஓட்டம். அத்தான் வெளுத்து வாங்கினார். இந்த முறை கம்பெனி பேச்சே இல்லை, எல்லாம் ஆட்களைப் பற்றித்தான். "ரொட்டிக்கடையம்மா வளைவுக்கு வளைவு ரெண்டு தடவை காலை எடுக்கறாங்க. அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு சந்தேகம்போல" என்றார். திடலே சிரித்தது. அந்தம்மா மனசு நோகுமே என்று நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

மத்தியானம் பெரிய பந்தயம், பதினைந்து சுற்று. பத்தாம் சுற்றுக்குப் பிறகு முன்னால் இரண்டே பேர், டாக்டரும் ரொட்டிக்கடையம்மாவும். இரண்டும் தவளை, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. ஒவ்வொரு சுற்றும் டாக்டர் ஒரு முழம் முன்னால். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் இரண்டும் ஒன்றாக நுழைந்தன. ஜன்னலில் சாய்ந்திருந்த அத்தான் துள்ளி எழுந்தார்.

"ஒருத்தர் காலை எடுத்துட்டாங்க, ஒருத்தர் எடுக்கவே இல்ல. டாக்டர் விடல, டாக்டர் விடல, டாக்டர் ஜெயிச்சாச்சு."

நான் நம்பரை முணுமுணுக்கும் முன்பே சொல்லிவிட்டார். கூட்டம் ஆரவாரித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதலில் கோட்டைத் தாண்டியது ரொட்டிக்கடையம்மா. ஒரு விநாடியில் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசம் இருக்கும். கீழே அவர் கணவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் நின்றிருந்தவருக்கு ஒலிபெருக்கி சொன்னதுதான் முடிவு.

மைக்கை அணைத்தேன். "அத்தான், டாக்டர் இல்ல. ரொட்டிக்கடையம்மா."

அவர் முகம் வெளிறிப்போனது. எனக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. "வாய் தவறிடுச்சுன்னு சொல்லிடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"இரு. அப்ப காலை எடுத்தது யாரு?"

"டாக்டர்தான். அவங்க உள்பக்கமா நுழைஞ்சுட்டாங்க, அவருக்கு வழி இல்ல."

"காலை எடுக்காம வந்தது அந்தம்மாவா?"

"ஆமா."

அத்தான் தடவி மைக்கை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "சொன்னா வாங்கிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"பதினோரு வருஷத்துல முதல் ஜெயிப்பு கடிகாரம். அதைப் போய் வாய் தவறின கணக்குல சேக்கவா?" என்று சொல்லி, என் கையை மெல்ல விலக்கினார்.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க" என்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்தார். "நான் சொன்னது தப்பு. ஜெயிச்சது ரொட்டிக்கடையம்மா. எனக்கு ரெண்டு வருஷத்துக்கு மேலாக் கண்ணு சரியாத் தெரியாது. சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்லிட்டு இருந்தேன். உங்ககிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. அந்த வளைவுல அந்தம்மா ரெண்டு தடவை காலை எடுப்பாங்க, எப்பவும். இன்னைக்கு ஒரு தடவைகூட எடுக்கல. அதனாலதான் அது டாக்டர்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடது. அவங்க ஓட்டினது அந்த மாதிரி. ஜெயிச்சவங்களுக்குக் கை தட்டுங்க."

திடலில் எழுந்த சத்தத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அத்தான் மைக்கைத் துடைத்து, வயரைச் சுற்றி, மேசையின் நடுவில் வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் வந்தது ரொட்டிக்கடையம்மா. கழற்றிய தலைக்கவசத்தைக்கூடக் கீழே வைக்காமல், அந்தப் பரபரப்பில் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"காலையில நீங்க மைக்ல சொன்னீங்களே சார், அடுப்பு அணைக்கறதைப் பத்தி. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். பதினோரு வருஷமா நான் அங்க காலை எடுக்கறேன்னு எனக்கே தெரியாது. அதான் கடைசிச் சுத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு அமுக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "இன்னும் எங்கெல்லாம் எடுக்கறேன்?"

அத்தான் எழுந்து, தன் நாற்காலியைத் தடவி அவர் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த பந்தயத்தின் பெயர்ப் பட்டியலோடு செயலாளர் மேலே வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றார். மேசை மேல் சுற்றி வைத்திருந்த மைக்கைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் படியேறி இருப்பார். அது வாயில் வரவில்லை. கேட்டார்: "அது சரி சார்... நான் எந்த வளைவுல காலை எடுக்கறேன்?"

"நீங்க எங்க வெச்சீங்க, எடுக்கறதுக்கு?" என்றார் அத்தான்.

ரொட்டிக்கடையம்மா சிரித்தார். செயலாளரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு, இத்தனை வருஷமாக அத்தான் கையில் கொடுத்த பட்டியலை அன்று என் கையில் கொடுத்தார்.

"சத்தமாப் படிங்க டீச்சர். அவருக்குக் கேக்கணும்."