சீர்வரிசையாகப் போன கரும்பலகை: விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை

தான் படித்த பள்ளிக்கு ஒரு பீரோ வாங்கித் தர ஆசை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் கொண்டுபோக முடியுமா என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். பீரோவைப் பற்றி எனக்குத் தெரியாது. நாங்கள் கரும்பலகை கொண்டுபோயிருக்கிறோம். வருஷம் 1959, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடிந்த சமயம்.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காணைக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரில் அப்போது மூன்றாம் வகுப்பு வரைதான். ஒரே வாத்தியார். நாலாவது படிக்க காணைக்கு நடக்க வேண்டும். பையன்கள் நடந்தார்கள், பெண்ணை யார் அனுப்புவார்கள்? அதனால் நான் மூன்றாவதையே இரண்டு முறை படித்து முடித்திருந்தேன். வாத்தியார் பாடத்தில் ஒரு வரியை விட்டால் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பேன். என் அப்பாவின் அண்ணன் மனைவி, அதாவது பெரியம்மா, "மூணாவதையே முந்நூறு வாட்டி படிச்சி இன்னா பண்ணப் போற? ஆட்டை ஓட்டிக்கினு போடி" என்றாள். செவ்வாய்க்கிழமை, மாட்டுக்கொட்டகை வாசலில் வைத்துச் சொன்னாள். நான் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்துவார்கள். பள்ளிக்கு வேண்டியதை ஊர்க்காரர்களே செய்து, மேடையில் அதிகாரி முன்னால் வைக்க வேண்டும். ஒரு நல்ல கரும்பலகை வைத்தால் எங்களுக்கு நாலாவது வகுப்பும் இன்னொரு வாத்தியாரும் கிடைக்கும் என்று எங்கள் வாத்தியார் கேட்டுக்கொண்டு வந்தார். மாநாடு திண்டிவனத்தில். பக்கத்திலேயே விழுப்புரம் இருக்க அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

ஊருக்குப் பெரியவர் என் பெரியப்பா. "சும்மா தூக்கிக்கினு போயி வச்சிட்டு வர்றதுக்கு அது இன்னா வெறகா? சீரு மாதிரி போவணும்" என்றார். ஆசாரி வாகை மரத்தில் பலகை செய்தார். அடுப்புக்கரியும் கோவை இலையும் அரைத்துப் பூசி, நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினோம். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் ஒரு சாக்கட்டிப் பெட்டி. ஒரு நாயனம், ஒரு மேளம். இரண்டு பேரும் தூரத்துச் சொந்தம், சாப்பாட்டுக்கு வந்தார்கள்.

விடிவதற்கு முன் மாட்டுவண்டியில் கிளம்பினோம். விழுப்புரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வண்டியில் பலகையைப் படுக்க வைக்காதீர்கள், குலுங்கலில் பூச்சு உரியும். அங்கிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் முப்பத்தேழு கிலோமீட்டர். பாசஞ்சரில் ஏறியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"இன்னாய்யா இது, எந்த வூட்டுக் கதவு?"

"கதவு இல்ல சார். நாலாங்கிளாஸு" என்றார் பெரியப்பா.

அவர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

முண்டியம்பாக்கம் வரை பலகை நின்றுகொண்டு வந்தது. விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறியதும் எல்லார் மடியிலும் படுத்துவிட்டது. உடனே அதன்மேல் இரண்டு பேர் சீட்டுப் போட்டார்கள். பேரணி ஸ்டேஷனில் ஏறிய கடுக்கன் போட்ட ஆள் ஒருவன் வெற்றிலை போட்டுவிட்டு, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பலகையின் வலது கீழ் மூலையில் இழுத்துத் துடைத்தான். புதுப் பலகையில் முதல் எழுத்து அவனுடையது. மயிலம் வருவதற்குள் பாவாடையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. நான் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பெரியம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று முடித்திருந்தாள்.

திண்டிவனத்தில் இறங்கி மேளத்தோடு நடந்தோம். கல்யாண ஊர்வலம் என்று நினைத்து ஒரு வீட்டம்மா வாசலுக்கு வந்து, "பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டாள். பெரியம்மா பலகையைக் காட்டினாள்.

மேடையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதிகாரி பலகையைத் தட்டிப் பார்த்தார், பூரித்துப்போனார். ஜூன் மாதத்திலிருந்து எங்கள் ஊருக்கு நாலாவது உண்டு என்று மைக்கில் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகு பெரியப்பாவின் கையைப் பிடித்து, "ரொம்ப சந்தோஷம் பெரியவரே. போகும்போது பலகையைப் பத்திரமா எடுத்துட்டுப் போய் உங்க பள்ளிக்கூடத்துல மாட்டிடுங்க" என்றார்.

பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. "வச்ச சீரைத் திருப்பி எடுத்துக்கினு போறதா?"

"உங்க பள்ளிக்குத்தானே ஐயா கொண்டு வந்தீங்க?"

"அது எங்களுக்குத் தெரியாதா? மோளம் அடிச்சிக் கொண்டாந்த சீரு திரும்பிச்சின்னா, கண்ணாலம் நின்னுபோச்சின்னு ஊரே சிரிக்கும். பலகை இங்கயே கெடக்கட்டும், நாங்க வர்றோம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். எங்கள் வாத்தியார் பின்னாலேயே ஓடினார். "ஐயா, பலகை இல்லாத ஊருக்கு வகுப்பு எப்படிங்க குடுப்பாங்க?" அதிகாரியும் அதையேதான் சொன்னார். வகுப்பு உண்டு என்று இப்போது எழுதியதை அடித்துவிட வேண்டியிருக்கும் என்றார். நான் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் மூன்றாவதா? பாடம் மனப்பாடம், வாத்தியாரின் இருமல்கூட மனப்பாடம்.

அப்போது பெரியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"யோவ், நில்லு. கண்ணாலம் ஆனா பொண்ணு மறுவூட்டுக்கு வராதா? நான் வர்ல? மூணாம் நாளு எங்க அப்பன் வூட்டுக்கு வந்தமே, அப்ப எங்க ஊரு சிரிச்சிச்சா?"

பெரியப்பா நின்றார். யோசித்தார். "மறுவூடுன்னா பொண்ணு மட்டும் தனியா வருமா? மாப்புள்ள கூட வரணும்ல?"

"அதைக் கேளு. அவுங்களைக் கேளு."

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. வாத்தியார் காதோடு சொன்னார். அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சபை நடுவில் பெரியப்பாவைக் கும்பிட்டு, "பொண்ணை அழைச்சிட்டுப் போங்க. மாப்பிள்ளை ஜூன் மாசம் வருவாரு. நான் பொறுப்பு" என்றார். அடுத்த வண்டியிலேயே, வந்த வழியே, மேளத்தோடு திரும்பினோம்.

சொன்னபடி ஜூனில் புது வாத்தியார் டிரங்குப் பெட்டியோடு காணை ரோட்டில் இறங்கினார். பெரியப்பா மேளத்தோடு நின்றார், பெரியம்மா ஆரத்தி எடுத்தாள். இரண்டு பிள்ளை பெற்ற அந்த மனுஷர் பயந்துபோய் வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறப் பார்த்தார். மாற்றலாகிப் போகும்வரை அவருக்கு எங்கள் ஊரில் மாப்பிள்ளை வாத்தியார் என்றே பெயர். அவரிடம் நாலாவது படித்தேன், ஐந்தாவதும் படித்தேன். அதோடு சரி. வலது கீழ் மூலையில் மட்டும் சாக்கட்டி ஏறாது, கணக்கு விடையை அவர் எப்போதும் கொஞ்சம் மேலே தள்ளி எழுதுவார்.

பீரோக்காரருக்கு நான் சொல்வது இதுதான். ரயில் வேண்டாம், சின்ன யானை என்கிற மினி லாரி ஒன்று பேசிக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறவரைப் பக்கத்தில் உட்கார விடாதீர்கள். தனியாகப் போய் இறக்கிவிட்டும் வராதீர்கள், நாலு ஊர்க்காரர்களை அழைத்துப் போங்கள். தூக்கி வந்தவர்கள்தான் பிறகு வகுப்பு நடக்கிறதா, வாத்தியார் வந்தாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் பெரியப்பா சாகும்வரை எட்டிப் பார்த்தார், கட்டிக் கொடுத்த மகள் சரியாக இருக்கிறாளா என்று பார்ப்பதுபோல.

அன்றைக்கு எனக்கு நாலாவது கிடைத்தது பெரியம்மா வாயால்தான். அவள் உயிரோடு இருந்தவரை நான் அதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவிட்டேன். பேசியது நல்ல பேச்சு. ஆனால் அந்த இட்லியில் மூன்று என்னுடையது.