பிரேக் பிடிக்காமல் தேறிய சீட் உறை

நான் டில்லியில் வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்வுமன். மோதி பாக்கிலிருந்து லோதி ரோடு அலுவலகத்துக்குத் தினமும் சைக்கிள்தான். மழையில் தோல் சீட் ஊறாமலிருக்க, பஞ்சு வைத்து பிளாஸ்டிக் உறை தைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நெடுநேரம் உட்கார்ந்தும் பார்த்தேன். இரண்டிலும் தேறியது.

மறுநாள் காலைத் தூறலில் ஓர் ஆட்டோ குறுக்கே திரும்பியது. சட்டென்று பிரேக் பிடித்தேன். நைலான் புடவை உறையில் வழுக்க, சாலையில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. அதன் முன்சக்கரம் என் முந்தானைமேல் இருந்தது.

பஸ்ஸிலிருந்து ஓடிவந்த எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் மாலதி என்னை அணைத்துக்கொண்டாள். "அச்சா, சீட்டு நனையாம பாத்துண்டே. உன்னை யாருடி பாத்துக்கறது?" என்றாள்.

இப்போது பருத்தி உறைதான், நனைந்தால் உலர்த்திக்கொள்கிறேன். எந்த உறையானாலும், உடுத்திப் போகும் புடவையோடு காலனிக்குள்ளேயே நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பார்க்காமல் பெரிய சாலைக்குப் போவதில்லை.