பூத்த தேயிலைக்கு அடியில்

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த அந்த வருடங்களில் எனக்கு வேண்டியிருந்தது ஓர் இடம். காலையில் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், கண்ணை மூடி உட்கார ஓர் இடம். எங்கள் வீட்டில் அதற்கு வழியே இல்லை. இருந்தது ஒரு சமையலறை, ஒரு பெரிய அறை. பெரிய அறையில் டிவி, அதற்கு எதிரே என் மாமியார், பக்கத்தில் என் வீட்டுக்காரர். மகளைக் காரமடையில் கட்டிக்கொடுத்த பிறகாவது வீடு அடங்கும் என்று நினைத்தேன். அவள் பேச்சு இல்லாத குறையை இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தீர்த்துவைத்தார்கள்.

சாமி படங்கள் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மேல் தட்டில் இருந்தன. அங்கே நின்று கண்ணை மூடினால் பால் பொங்கும். பால் பொங்காத நாளில் பெரிய அறையிலிருந்து குரல் வரும். "ஏம்புள்ள, என்ற ஸ்வெட்டர எங்க வெச்சே?" ஸ்வெட்டர் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகிலேயே தொங்கும். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் சூடம் அணைந்திருக்கும். சாமி கும்பிட்டு முடிக்கும்போது முதலில் இருந்ததைவிட எரிச்சல் அதிகமாகியிருக்கும். இதற்குக் கும்பிடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

அப்போதுதான் குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஜெகதளாவில் பஸ் ஏறிப் போய்வர ஆரம்பித்தேன். பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்தினார். வெளுத்த வேட்டி, மெதுவான பேச்சு. "எண்ணங்களை விரட்டாதீங்க. வானத்துல மேகம் போற மாதிரி அதுபாட்டுக்குப் போகட்டும்" என்பார். அவர் வேறு எந்த ஊர் மேகத்தைப் பார்த்தாரோ தெரியவில்லை. எங்கள் சரிவில் மேகம் போகாது. கதவைத் திறந்தால் உள்ளே வந்துவிடும், துணிக்கொடியில் உட்கார்ந்துவிடும், பிறகு ஒரு வாரத்துக்குத் துணி காயாது. என் எண்ணங்களும் அந்த ரகம்தான்.

இன்னொன்றும் சொன்னார். "செய்யற வேலையே பூஜைங்க. கொழுந்து பறிக்கறதையே பூஜையாப் பண்ணலாம்." இது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள், ஈரம் படாமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு கொழுந்தையும் பூக்கொய்வதுபோல் பறித்தேன். மனசு உண்மையிலேயே லேசாக இருந்தது. சாயங்காலம் இலையை எடை போடும் ஷெட்டுக்குக் கொண்டுபோனால் ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். ஃபாக்டரியில் இலை தேங்கிக் கிடக்கிறது, இன்றைக்கு எடுக்க மாட்டோம் என்றார். மறுநாளும் எடுக்கவில்லை. சாக்குக்குள் இலை சூடேறிச் சிவந்து நாற்றம் எடுத்தது. என் பூஜையை நானே சுமந்துபோய்ப் பள்ளத்தில் கொட்டினேன். அடுத்த ஞாயிறு அந்த மனிதரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று போனேன். போய் உட்கார்ந்ததும் கண்ணை மூடச் சொல்லிவிட்டார்.

கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாத நிலை வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனில வரச்சொல்றாங்க. போலாம்னு இருக்கேன்."

"தோட்டத்த என்னங்க பண்றது?"

"மேல் பாதிய நீ பறி. உன்னால முடிஞ்சது. கீழ்ப் பாதி கெடக்கட்டும். வெல ஏறுனா வந்தர்றேன்."

"ஏறலைன்னா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான், ஆண்கள் கீழே இறங்கிவிட்டார்கள். மளிகைக் கடை போனுக்கு அவ்வப்போது கூப்பிடுவார். கடையில் நாலு பேர் நிற்கும்போது நான் என்ன பேச முடியும்? சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பார். விலை ஏறிச்சா என்பார். இல்லீங்க என்பேன். வைத்துவிடுவோம்.

கீழ்ப் பாதி கிடந்தது. கிடந்தால் தேயிலை சும்மா இருக்காது. இடுப்பளவில் தட்டையாக வைத்துப் பறித்துக்கொண்டே இருந்தால்தான் அது செடி. கைபடாமல் விட்டால் அதுபாட்டுக்கு மரமாகப் போய்விடும். இரண்டாவது வருடம் கீழ் ஓரத்தில் இருந்த இரண்டு செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. அதனடியில் ஒரு பாறை. விறகு பொறுக்கப் போனவள் கால் வலிக்கிறதே என்று அந்தப் பாறையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் இலை. மேலே ரோடு தெரியவில்லை. ரோட்டுக்கு நானும் தெரியவில்லை. மாமியாரின் டிவி கேட்கவில்லை. இத்தனை நாள் தேடிய இடம் எங்கள் தோட்டத்துக்குள்ளேயே, நாங்கள் கைவிட்ட மூலையில் வளர்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து காலையில் அங்கே போனேன். ஓர் அகல் விளக்கு, தீப்பெட்டி, அவ்வளவுதான். படம் எதுவும் வைக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பேன். விலை ஏறணும், அவர் வரணும். எதையும் கேட்காமல் உட்காருங்கள் என்று வகுப்பில் சொல்வார்கள்தான். வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கேயும் நிம்மதியாக இருக்கவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஒருநாள் நன்றாக மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது. கண்ணைத் திறந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் காட்டெருமை ஒன்று நின்று என்னைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எழுந்து ஓடவும் கூடாது, கத்தவும் கூடாது. அசையாமல் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்பும் உட்கார்ந்ததில்லை, பின்பும் இல்லை. அது போன பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே ஏறி வந்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் அந்த இரண்டு செடிகளும் பூத்தன. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு பூக்கும் பூ. ஒழுங்காகப் பறிக்கும் தோட்டத்தில் அந்தப் பூவைப் பார்ப்பது அரிது. எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷம். கடைப் பூ வாங்குவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. மடி நிறையப் பறித்து வந்து வீட்டில் சாமி படங்களுக்கெல்லாம் வைத்தேன்.

மாமியார் காபிக்கு வந்தவர் அலமாரியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏனம்மிணி, தேயிலைப் பூவையா சாமிக்கு வெச்சே?"

"நல்லாத்தானுங்க அத்தை இருக்குது."

"தோட்டத்துல ஒரு பூவப் பாத்தா என்ற ஊட்டுக்காரரு அன்னைக்குச் சோறு திங்க மாட்டாரு. கையாலாகாதவன் காடுதான் பூக்கும்பாரு. அதக் கொண்டாந்து சாமிக்குக் காட்டறியே, உன்ற புருசன் கீழ போய்க் கெடக்கறது சாமிக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். மகனை நினைத்து அழுகிறார் என்று தெரிந்தது. பூக்களை எடுத்துவிட்டேன். மறுநாள் முதல் அந்தப் பூவைக் கீழே பாறையிலேயே வைத்துக் கும்பிட்டேன். பூ என்ன பாவம் செய்தது என்று கோபம்தான் வந்தது. ஆனால் மாமியார் சொன்னதும் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. பூவைத் தொடும்போதெல்லாம் திருப்பூர் ஞாபகம் வந்தது.

அந்தப் பூக்காலத்தில் ஒரு காலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன். தோளில் ஒரு பூ விழுந்தது தெரிந்தது, எடுக்கத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. விளக்கு எண்ணெய் தீர்ந்து அணைந்திருந்தது. எழுந்து பாதி வழி ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கு நான் விலையைக் கேட்கவில்லை. அவரைக் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை. நடுவழியில் நின்று திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வரலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது. அன்று முழுவதும் யார் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. மாமியாரே உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மறுநாள் அதே மாதிரி வேண்டும் என்று போய் உட்கார்ந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இடுப்பு வலித்ததுதான் மிச்சம். வலுக்கட்டாயமாக உட்கார்ந்து, வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தியானம் பண்ணியவள் நானாகத்தான் இருப்பேன். பிறகு எதிர்பாராத ஒரு நாளில் வந்தது. இடைவெளி விட்டு இன்னொரு நாள். எப்போதாவதுதான். ஆனால் அந்தப் பாறையில் மட்டும்தான் வந்தது. சமையலறையில் ஒருநாளும் இல்லை, குன்னூர் வகுப்பிலும் இல்லை. என்னுடையது என்று சொல்ல அந்த வருடங்களில் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அடுத்த கோடையில் விலை ஏறியது. பெரிதாக இல்லை, ஆனால் ஏறியது. அதுவரை என் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்த ஏஜென்ட் எங்கள் வாசலிலேயே ஜீப்பை நிறுத்தினார்.

"அம்மிணி, எல இருக்கறதப் பூராக் குடுத்தருங்க. வேற யாருக்கும் சொல்லிப்போடாதீங்க."

மாமியார் அலமாரிக்கு முன் விழுந்து கும்பிட்டார். நான் மளிகைக் கடைக்கு ஓடிப்போய்த் திருப்பூருக்குப் போன் போட்டேன். அவர் விலை ஏறிச்சா என்று கேட்பதற்கு முன்பே ஏறிருச்சுங்க என்றேன். "வர்றேன்" என்றார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்பதை மறந்து நான் அழுதேன்.

வந்தார். மெலிந்துபோயிருந்தார், இருமல் வேறு. பை நிறைய பனியன் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை மறைக்கவும் இல்லை, கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். மறுநாள் காலை நான் அகல் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் வாசலில் உட்கார்ந்து கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ்ப் பாதிய இன்னைக்கே கவாத்துப் பண்ண ஆரம்பிச்சர்றேன். இப்ப வெட்டுனாத்தான் மழைக்குத் துளுர் வரும்."

"ஓரத்துல இருக்கற ரெண்டு செடிய மட்டும் உட்ருங்க."

"எதுக்கு?"

"நான் அங்கதானுங்க காலைல உக்காந்து சாமி கும்புடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே கேட்டார்.

"என்ன வேண்டுனே?"

"வெல ஏறோணும்னு. நீங்க வரோணும்னு."

"அதான் வெல ஏறிருச்சு, நானும் வந்துட்டேன். இனி அங்க என்ன வேலை புள்ள?"

சில நாள் நான் அங்கே எதையும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? உங்களையும் கேட்கவில்லை என்றுதானே அவர் காதில் விழும். அங்கே பனியன் தூசியில் இருமிக்கொண்டிருந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்ல? விளக்கை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அந்த இரண்டுக்கும் கத்தி போதவில்லை. அடித்தண்டு தடித்துப்போயிருந்தது, பக்கத்துத் தோட்டத்தில் ரம்பம் வாங்கிவந்து அறுத்தார். கிளையெல்லாம் போன வருடத்துப் பூ காயாகி நின்றது. நான்தான் இழுத்துப்போய் விறகுக்கு அடுக்கினேன். ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் வேகமாக எறிந்தேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி ரம்பத்தை இழுத்தார். தேயிலை விறகு நன்றாக எரியும். அவர் இருமலுக்கு அதில்தான் வெந்நீர் காய்ச்சினேன்.

அறுத்த மறுநாளே விடாமல் போய் உட்கார்ந்தேன். பாறை அப்படியேதான் இருந்தது. முட்டளவு கட்டைகளுக்கு நடுவில், ஊர் முழுக்கப் பார்க்கும்படி நான். மேலே ரோட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் நின்றார்கள். "என்னங்கக்கா, மேலுக்குச் சொகமில்லீங்களா?" நல்லாத்தான் இருக்கேன் என்று கத்தினேன். கண்ணை மூடினேன். காலடிச் சத்தம் கேட்டது.

"ஏம்புள்ள, தனியா உக்காந்திருக்கே?" என்று அவர் வந்து, பாறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாள் பேசாததையெல்லாம் பேச ஆரம்பித்தார். இந்த வருடம் உரம் எப்போது போடுவது, மேல் பாதியில் எத்தனை செடி பட்டுப்போயிருக்கிறது, மகளை எப்போது போய்ப் பார்த்து வருவது. நல்ல பேச்சுதான். போனில் கேட்க ஏங்கிய பேச்சுதான். நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. சாமியிடம் கேட்டு வாங்கிய மனிதரை எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வேன்? கண்ணைத் திறந்து, ம் சொல்லுங்க என்றேன்.